அக்கா தொடாத பிள்ளை

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
12 பிப்ரவரி 1956

அன்புள்ள லூர்துக்கு,

அக்கா ஆலிஸ் எழுதுவது. உறையின்மேல் அனுப்புநர் பெயரை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன். கிறிஸ்மஸுக்கு அனுப்பிய சேலை பிரிக்காமலே திரும்பி வந்தது. இந்தக் கடிதமும் அப்படி வந்துவிட்டால் இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பு இருக்காது.

எண்ணூர் ஸ்டேஷனில் மாப்பிள்ளை அம்புரோஸோடு வேலை செய்கிறவரின் மனைவி எங்கள் வார்டில் பிரசவித்திருக்கிறாள். நீ முழுகாமல் இருப்பதாக அவள்தான் சொன்னாள். ஜூன் மாதம் இருக்குமாம். ஊரார் சொல்லி நான் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது. போகட்டும்.

குழந்தை ஜார்ஜை அடக்கம் செய்த அன்று கல்லறை வாசலில் நின்று, "உன் ஆஸ்பத்திரி எம் புள்ளைய தின்னுடுச்சி" என்று நீ சொன்னாய். "ஆண்டவர் சித்தம்" என்று நான் சொன்னேன். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நமக்குள் பேச்சில்லை. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்தேன். வாயில் வந்தது அதுதான்.

இந்தப் பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதே. உப்புக்காற்றும் எஞ்சின் புகையும் புகுந்து புறப்படுகிற ரயில்வே குவார்ட்டர்ஸில் என்ன வசதி இருக்கிறது? ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உனக்காக மடத்து மதரிடம் சொல்லிவைக்கிறேன். மருந்துகள் எல்லாம் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. முதல் நாளிலிருந்து பென்சிலின் போட்டுவிடலாம். நானே கூட இருந்து பார்த்துக்கொள்வேன்.

இரண்டு வரியாவது எழுது.

இப்படிக்கு,
ஆலிஸ்

*

எண்ணூர்,
20 பிப்ரவரி 1956

ஆலிஸ் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கேள்விக்குப் பதில், வரமாட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அப்போது சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஜார்ஜ் நன்றாகத்தான் பிறந்தான். நாலாம் நாள் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். வெயிலுக்கு வந்திருக்கும் என்றீர்கள். மறுநாள் அக்குளில், கழுத்தில், தொடை இடுக்கில். பென்சிலின் போட்டால் வற்றிவிடும் என்றீர்கள். நம்பினேன். என் விரல் பருமன்தான் இருக்கும் அவன் தொடை, அதில் ஊசி குத்த இடமில்லாமல் போனது. மருந்து போடப் போட அவன் சூடாகிக்கொண்டே போனான். கடைசியில் அழவும் சத்தம் வரவில்லை. சாமியார் வரும்வரை தாங்கமாட்டான் என்று நீங்களே தண்ணீர் ஊற்றி அவனுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தீர்கள்.

போன மாதம் திருவொற்றியூர் மார்க்கெட்டில் முத்தம்மாவைப் பார்த்தேன். குப்பத்துக்காரி, என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். "நல்லாத்தான் உள்ள போனேன்மே. வரும்போது மாருல கட்டியோட வந்தேன். கீறி சீழ் எடுத்தாங்க. கொயந்தைக்கு ஒடம்பெல்லாம் கொப்புளம், எப்டியோ பொயச்சிகினு கீது. எங்க குப்பத்துல வூட்ல பெத்தவளுங்க எவளுக்கும் இது வர்ல. அந்த ஆசுபத்திரிக்குள்ளயே என்னமோ கீது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த வார்டில் எனக்கும் அவளுக்கும் மட்டுமா? கடைசிக் கட்டிலில் இருந்த மீஞ்சூர்ப் பெண்ணின் குழந்தைக்கும் வந்ததே. அதை நீங்கள் கவனிக்கவில்லையா, இல்லை கவனித்தும் பேசாமல் இருந்தீர்களா?

இவர் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

லூர்து

*

ராயபுரம்,
11 மார்ச் 1956

அன்புள்ள லூர்துக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. எழுதுவதற்குத் தேவையான விஷயம் நேற்றுதான் கையில் கிடைத்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டுக்குப் போனேன். ஒவ்வொரு தொட்டிலாகத் துணியை விலக்கிப் பார்த்தேன். நாலு குழந்தைகளுக்குக் கொப்புளம். ஒரு தாய்க்கு மார்பில் கட்டி. தினமும் நான் பார்த்துக்கொண்டிருந்தவைதான். ஆனால் ஒரு குழந்தைக்கு வந்தால் அந்தக் குழந்தையின் நோய் என்று மருந்து போட்டேன், அடுத்ததற்கு வந்தால் அதற்கும் போட்டேன். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. நீ கேட்டது சரி. பேசாமல் இருந்தேன் என்பது மட்டும் சரியில்லை. எனக்கு உறைக்கவே இல்லை.

எங்களுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், மிஸ் வேதமாணிக்கம். அவரிடம் ஜார்ஜைப் பற்றியும் முத்தம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் நான்கு குழந்தைகளின் சீழையும் பஞ்சில் தொட்டுக் கிண்டியில் இருக்கும் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அந்தக் கிருமிமேல் பென்சிலினை ஊற்றினாலும் அது சாகவில்லையாம். நான்கும் ஒரே கிருமி.

"எப்படி டாக்டர்? ஆரம்பத்துல இந்த மருந்தப் போட்டா மறுநாளே சீழ் வத்திடுமே" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல இருந்த கிருமிங்க செத்துப் போச்சு, சிஸ்டர். சாகாம நின்ன ஒண்ணு ரெண்டுதான் இப்ப பெருகியிருக்கு. காய்ச்சல்னாலும் பென்சிலின், தையல் போட்டாலும் பென்சிலின் பவுடர், ஒண்ணுமே இல்லேன்னாலும் ஒரு ஊசி. மத்ததையெல்லாம் கொன்னு இதுக்கு நாமதான் இடம் காலி பண்ணிக் குடுத்தோம்."

பிறகு அவர் ஒன்று செய்தார். வார்டில் வேலை செய்யும் எல்லோர் மூக்கிலும் பஞ்சை விட்டு எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். மதருக்குக் கோபம். "கன்னியர் மூக்குல என்னம்மா நோய் இருக்கப்போகுது?" என்றார். டாக்டரம்மா முதலில் தன் மூக்கிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு மதரும் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

நேற்று முடிவு வந்தது. லூர்து, அந்தக் கிருமி என் மூக்கில் இருக்கிறது. எனக்கு மட்டுமல்ல, பழைய ஆயா ஒருத்திக்கும் இன்னொரு நர்ஸுக்கும் இருக்கிறது. எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. இருமல் இல்லை, உடம்பில் ஒரு பரு இல்லை. மூக்கிலிருந்து கைக்கும், கையிலிருந்து குழந்தைக்கும் போகுமாம்.

ஜார்ஜுக்கும் என்னிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். "அந்தக் குழந்தைகிட்டருந்து யாரும் சீழ் எடுத்து வைக்கலையே, சிஸ்டர். உங்ககிட்ட இது எப்ப வந்துச்சுன்னும் தெரியாது. இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். "உங்க மேல தப்பு இல்ல" என்றும் சொன்னார். அதைக் கேட்கும்போது நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று முதல் என்னை வார்டிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கும் கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிரசவ வார்டில் பதினாறு வருஷம்.

கட்டில் சொல்லிவைக்கிறேன் என்று எழுதியிருந்தேன். வேண்டாம். இங்கே வராதே. என்னையும் பக்கத்தில் சேர்க்காதே.

ஆலிஸ்

*

எண்ணூர்,
17 மார்ச் 1956

ஆலிஸ் அக்காவுக்கு,

இவரிடம் படித்துக் காட்டினேன். விளக்கை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

இதை என்னிடம் ஏன் சொன்னீர்கள்? சொல்லாமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிமேல் கோபமாகவே இருந்திருப்பேன். அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஜார்ஜ் பிறந்த அன்றைக்கு அவனைக் குளிப்பாட்ட வேறொரு நர்ஸ்தான் வந்தாள். நான்தான் விடவில்லை. "எங்க அக்கா வரட்டும், அவங்க கையாலதான் குளிப்பாட்டணும்" என்று பிடிவாதம் செய்தேன். நீங்கள் அப்போதுதான் டியூட்டி முடித்துச் செருப்பைக்கூட மாட்டிவிட்டீர்கள். எனக்காகத் திரும்பி வந்தீர்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

லூர்து

*

ராயபுரம்,
2 ஏப்ரல் 1956

அன்புள்ள லூர்துக்கு,

பாஸ்கு வாழ்த்துகள். நேற்று ஈஸ்டர் பூசைக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நீ எழுதியதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பெற்றவள் தன் அக்காவின் கையைக் கேட்டாள், அவ்வளவுதான் நடந்தது. அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வார்டை மூடிச் சுண்ணாம்பு அடித்தார்கள். மெத்தைகளை வெயிலில் போட்டார்கள். குழந்தைகளை எல்லாம் ஒரே அறையில் வரிசையாகப் போட்டு வைப்போமே, அந்த அறையே இனிமேல் கிடையாது. பிறந்ததிலிருந்து தாய் பக்கத்திலேயே தொட்டில். ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்குப் போவதற்குள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். தையலுக்கு பென்சிலின் பவுடர் தூவக்கூடாது. ஊசி தேவையா என்று டாக்டரம்மாவைக் கேட்காமல் யாரும் போடக்கூடாது.

யாருக்கும் பிடிக்கவில்லை. வாரம் இரண்டு முறை வந்து போகும் பெரிய டாக்டர், "நான் பிரசவம் பார்த்த குழந்தைகளுக்கே பேரன் பேத்தி வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே கழுவாத கையோடு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். டாக்டரம்மா தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். ஆயா செல்லம்மா என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டினாள். "பார் சிஸ்டர், தோலு உரிஞ்சிகினு வர்து. நாள் பூரா கழுவிகினே இருந்தா எப்ப வேல செய்றது? பேஜாரா கீது." அவள் சொல்வதும் நிஜம்தான். கையில் தேய்த்துக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் கொடுத்து அனுப்பினேன்.

நான் துணிகளைக் கொதிக்க வைக்கிறேன், காய வைக்கிறேன், மடிக்கிறேன். மூக்கில் தினமும் ஒரு களிம்பு தடவுகிறேன். போன வாரம் மறுபடி சோதித்தார்கள். கிருமி இன்னும் இருக்கிறது.

இப்போது உன் விஷயம். வீட்டிலேயே பெற்றுக்கொள். ஆனால் நல்ல கை வேண்டும். திருவொற்றியூரில் ரெஜினா என்று ஒரு மருத்துவச்சி இருக்கிறாள். என்னோடு பயிற்சி எடுத்தவள், நம் வேதக்காரிதான். கேட்டதும் மறுக்காமல் டாக்டரம்மாவிடம் வந்து சோதித்துக்கொண்டாள், அவளிடம் ஒன்றும் இல்லை. அவளை அனுப்புகிறேன், திருப்பி அனுப்பிவிடாதே. தொப்புள்கொடி அறுக்கும் கத்திரியையும் கட்டும் நூலையும் அவள் கொதிக்க வைப்பாள். குழந்தையைத் தூக்குகிறவர்கள் யாராக இருந்தாலும் கையைக் கழுவ வேண்டும். கையில் புண்ணோ கட்டியோ உள்ளவர்கள் தூக்கவே கூடாது. உனக்கு ரத்தம் நிற்காமல் போனால் மட்டும் தாமதிக்காமல் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆலிஸ்

*

எண்ணூர்,
9 மே 1956

அன்புள்ள அக்காவுக்கு,

ரெஜினா அக்கா இரண்டு முறை வந்து போனார்கள். அதிகம் பேசவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தல திரும்பிடுச்சி, பயப்படாத" என்றார்கள். ஒழுகும் மூலையை இவர் சரிசெய்து அறைக்கு வெள்ளையடித்துவிட்டார். உடம்பெல்லாம் சுண்ணாம்போடு தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றப் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் திட்டு வாங்கினார்.

என் மாமியார்தான் முரண்டு பிடிக்கிறார்கள். இறால் உரித்து உரித்து அவர்கள் விரலிடுக்கில் எப்போதும் ஒரு புண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ரெஜினா அக்கா, இது ஆறுகிறவரை குழந்தையைத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இன்னாடி இது? எம் பேரப் புள்ளைய நான் தூக்கக்கூடாதா? எட்டுப் பெத்து வளத்தவ நானு. எனக்கே சட்டமா?"

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பார்த்தால் விரலில் சுத்தமான துணி சுற்றியிருக்கிறது, இறால் கூடை பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஜார்ஜுக்கு வலி எடுத்தபோது நீ என் தலைமாட்டில் நின்றாய். உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது கிழிந்தே போயிற்று. இந்த முறை யாருடைய முந்தானையைப் பிடிப்பேன்? குழந்தையை நீ தொட வேண்டாம். என் பக்கத்தில் மட்டும் நில். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு நில். இவரும் உன்னை வரச்சொல்கிறார்.

வருவாயா?

லூர்து

*

ராயபுரம்,
20 மே 1956

அன்புள்ள லூர்துக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாளாக அலைகிறேன். வருகிறேன் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது சோதனையிலும் இருக்கிறது என்று வந்துவிட்டது.

வார்டைத் திறந்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை ஒரு குழந்தைக்கும் கொப்புளம் இல்லை. மதர் நன்றிப் பூசை வைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் வெளியே வந்தேன், நோயும் வெளியே போயிற்று என்றுதான் எனக்குப் படுகிறது. டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "சுண்ணாம்பு அடிச்சோம், தொட்டில மாத்தினோம், கை கழுவினோம், மூணு பேரை மாத்தினோம். எல்லாத்தையும் ஒரே சமயத்துல செஞ்சோம். எது பலிச்சுதுன்னு எப்படிச் சொல்ல முடியும், சிஸ்டர்?" என்கிறார். நல்ல மனுஷி. எனக்காகச் சொல்கிறாரோ, நிஜமாகவே அப்படித்தானோ. யோசித்து யோசித்துக் களைத்துப்போய்விட்டேன்.

நான் வரமாட்டேன், லூர்து. உனக்கு வலி எடுக்கும்போது ஓரமாக நிற்க எனக்குத் தெரியாது. நீ கத்தினால் என் கை தானாக நீளும். குழந்தை நழுவி வருகிற நேரத்தில் முன்னால் பாய்ந்து பிடிப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ரெஜினாவின் முந்தானையைப் பிடித்துக்கொள். கிழிந்தால் நான் வாங்கித் தருகிறேன்.

ஆலிஸ்

*

எண்ணூர்,
24 ஜூன் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பிறந்தாள். நானும் நன்றாக இருக்கிறேன், அவளும் நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மற்றது.

நாலாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததிலிருந்து அவள் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் தோளில் ஒரு சிவப்புப் புள்ளி. மாமியார் திருவொற்றியூருக்கு ஓடினார்கள். ரெஜினா அக்கா வந்து, கையைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். "கொசு கடிச்சிருக்கு. கொசுவல வாங்கு" என்றார்கள். நான் அழுத அழுகையைப் பார்த்து மாமியாரும் சேர்ந்து அழுதார்கள். பென்சிலின் வேண்டாமா என்று கேட்டேன். "கொசுக்கடிக்கா?" என்று கேட்டுவிட்டு ரெஜினா அக்கா சிரித்துவிட்டார்கள்.

நீ எண்ணூருக்கு வந்தாய் என்று இவர் நேற்றுதான் சொன்னார். குழந்தை பிறந்த மறுநாள் பாசஞ்சரில் வந்து இறங்கி, கொதிக்க வைத்து மடித்த துணி மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்து அடுத்த வண்டியில் திரும்பிவிட்டாயாம். "வூடு தோ தெரியுது, வாங்க அண்ணி" என்று கூப்பிட்டும் நீ எழுந்திருக்கவில்லையாம். குழந்தை யார் ஜாடை என்று மட்டும் கேட்டாயாம். அவர் தன் ஜாடை என்று சொன்னாராம். பொய். மூக்கு உன் மூக்கு.

பிலோமினா என்று பெயர் வைக்கப்போகிறோம். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி அவளுக்காகப் பதில் சொல்லும் ஞானத்தாய் நீதான். மறுக்காதே. இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

லூர்து

*

ராயபுரம்,
9 ஜூலை 1956

அன்புள்ள லூர்துக்கு,

நீ இன்னும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பதால் நேற்று கோயிலில் நடந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். மாப்பிள்ளை சொல்லியிருப்பார். ஆனால் அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அதனால் நான் எழுதுகிறேன்.

என் சார்பில் ரெஜினா குழந்தையை ஏந்தட்டும் என்று நான் சொல்லி அனுப்பியதற்கு நீ சம்மதித்தாய். அந்தச் சம்மதம் உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஒரு நிமிஷம் தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாகூடச் சொன்னார். ஆகாதுதான். எனக்குத்தான் முடியவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும், தோல் கெட்டியாகட்டும்.

நான் முன்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை வெள்ளை வேட்டியில் வந்தார். உன் மாமியார் தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். விரலைத் தூக்கிக் காட்டினார்கள், புண் ஆறிவிட்டது. ரெஜினா குழந்தையோடு ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். நான் இருந்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணி மட்டும்தான் தெரிந்தது, அதற்குள் ஏதோ அசைந்தது. அவ்வளவுதான் நான் பார்த்த உன் மகள்.

மூன்று வாரம் தாமதித்ததற்குச் சாமியார் கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு ஆரம்பித்தார். பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார். ரெஜினாதான் பதில் சொல்ல வேண்டும், அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். எழுந்து நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. "விட்டுவிடுகிறேன்" என்றேன். வெறும் கோயிலில் அது பெரிய சத்தமாகக் கேட்டது.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "யார் அது?"

"அவங்கதான் சாமி, ஞானத்தாய்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப ஏம்மா அங்க நிக்கிற? கிட்ட வா."

"இல்ல சாமி. நான் இங்கயே இருக்கேன்."

ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை அவர் காதில் என்னவோ சொன்னார். சாமியார் தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியை ரெஜினாவைப் பார்த்துக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கும்படி குரலை உயர்த்திக் கேட்டார். விசுவசிக்கிறாயா என்றார். விசுவசிக்கிறேன் என்றேன். ரெஜினாவும் மெதுவாகக் கூடவே சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அப்படியே, கோயிலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு.

பிறகு அவர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

லூர்து, அவள் அழுதாள். எப்படி அழுதாள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அத்தனை குழந்தைகளைக் கேட்டிருக்கிறேன், நோவுள்ள அழுகை எனக்குத் தெரியும். இது அதுவல்ல. அடிவயிற்றிலிருந்து, கோபத்தோடு, மூச்சு முழுவதையும் இழுத்து விட்டு அழுதாள். உன் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவள் ஓய்கிறவரை நின்று கேட்டேன்.

உன் அக்கா,
ஆலிஸ்